குழாய் வழியும் கை வழியும்

போன ஜூலையில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதன்மைத் துறை, இரண்டாம் துறை, மூன்றாம் துறை என்று போர்டில் மூன்று கட்டம் போட்டேன். நாடு வளர வளர ஜனங்கள் வயலை விட்டு ஆலைக்கும், ஆலையை விட்டுச் சேவைத் தொழிலுக்கும் நகர்வார்கள் என்று சொல்லி, அம்புக்குறியும் போட்டு முடித்தேன். வட சென்னையின் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், அந்த ரெண்டாவது கட்டம் ஃபுல்லா நம்ம ஏரியாவுலதான் கீது. அப்பறம் ஏன் சார் நாம மட்டும் இப்டியே கீறோம்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். பாடப் புத்தகம் கேட்காத, ஆனால் பாடமே எதற்காக இருக்கிறதோ அந்தக் கேள்வி அது. அன்றைக்கு மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. தண்டையார்பேட்டையில் ஏறி எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் இந்தியத் தொழில் வரலாற்றின் பாதி அத்தியாயங்கள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக 1946ல் திருவொற்றியூரில் தொடங்கியதுதான் இன்றைய டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப். ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948ல் உருவான அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆலை போட்டு, 1955ல் லாரி, பஸ் செய்யும் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். மேற்கே திரும்பினால் மணலியில் 1969ல் ஓடத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பக்கத்திலேயே உரத் தொழிற்சாலை, அதைச் சுற்றி ரசாயன ஆலைகள். வடக்கே அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம். பட்டியல் போட்டால் ஒரு சின்ன நாட்டுக்குப் போதும்.

அதற்கும் முன்னால் போனாலும் இது தொழில் ஊர்தான். வண்ணாரப்பேட்டை என்ற பேரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்களால் வந்தது. நான் பிறந்து வளர்ந்த காலடிப்பேட்டை, கவர்னர் காலெட் 1710களின் கடைசியில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை. வாய்க்கு வாய் மாறிக் காலடி ஆகிவிட்டது. நம் சாயத் துணியைத் தடுக்க 1721ல் இங்கிலாந்து சட்டமே போட்டது. தன் நாட்டில் எந்தத் தொழில் இருக்க வேண்டும், எது வெளியிலிருந்து வரக்கூடாது என்பதை அவர்கள் அப்போதே முடிவு செய்துகொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி இங்கே வந்து இறங்கியது.

எங்கள் தாத்தா பொன்னேரிப் பக்கத்து விவசாயக் கூலி. வருஷத்தில் நாலு மாசம் வேலை, மீதி நாள் வீட்டுத் திண்ணை. 1940களில் மில் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு ஆள் குறைந்ததால் அந்த வயலில் ஒரு மரக்கால் நெல் கூடக் குறைந்திருக்காது. இங்கே அவர் கை பட்ட துணிக்கு விலை உண்டு. செயின்ட் லூசியா தீவில் பிறந்த பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954ல் எழுதியதும், 1979ல் நோபல் வாங்கியதும் இந்த நகர்வைப் பற்றித்தான். வயலில் மிச்சமாக இருக்கும் கைகளை எடுத்து ஆலையில் வைத்தால் நாட்டின் மொத்த விளைச்சல் கூடும், லாபத்தைத் திரும்ப முதலாகப் போட்டால் இன்னும் கைகள் வரும் என்றார். தாத்தா லூயிஸைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் லூயிஸ் சொன்னது முழுக்க தாத்தாவின் கதை.

லூயிஸ் கணக்கில் கூலி வெகுகாலம் ஏறாமல் இருக்கும். ஏற வைத்தது இங்கே வேறொன்று. 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று, பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானவர் நிற்கிற தொழிலாக இருந்ததால்தான் சங்கம் வந்தது. தனித்தனியாகத் தறி போட்டவர்களுக்கு அது வாய்க்கவில்லை. எந்தத் தொழில் என்பதும் அதில் ஆள் எப்படி நிற்கிறான் என்பதும் சேர்ந்துதான் வளர்ச்சி யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதை முடிவு செய்கிறது.

இனி அப்பாவின் பட்டறை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆலைகள் பையன்களுக்குத் தொழில் பழக்க வேண்டும் என்ற அப்ரென்டிஸ் சட்டம் 1961ல் வந்தது. அந்தச் சட்டப்படி இந்தப் பகுதியின் பெரிய ஆலை ஒன்றில் உலோகம் கடையும் டர்னர் வேலை பழகியவர் அப்பா. வேலை நிரந்தரமாகவில்லை. 1979ல் காலடிப்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, லேத் என்ற கடைசல் மெஷின், பழையது ஒன்றை வாங்கிப் போட்டார். காலையில் பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிறவர்களிடமிருந்து ஜாப் வரும். சாயங்காலம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகு ஓட்டும் லாஞ்சுக்காரர்கள் வருவார்கள். லாரிக்காகச் செய்த லேலண்ட் இன்ஜினைத்தான் அங்கே பல லாஞ்சுகளில் ஏற்றியிருப்பார்கள். படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டுதான் ஷாஃப்ட், அது உட்காருகிற உலோக வளையமான புஷ் தேய்ந்துவிட்டால் கடலில் போட் ஆடும், தண்ணீர் உள்ளே ஏறும். தேய்ந்த புஷ்ஷைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். விடிவதற்குள் வேண்டும்.

கன்மெட்டல் என்ற செம்புக் கலவை உருளையை லேத்தின் பிடியான சக்கில் பூட்டி, டயலை வைத்து ஆட்டம் எடுத்து, உள்விட்டம் குடைவார். இரும்பு என்றால் நீலம் பாய்ந்த சுருளாகக் கழன்று விழும், பால் மாதிரி கூலன்ட் அதன் மேல் ஒழுகும். கன்மெட்டல் அப்படி இல்லை, பொன் துகள் மாதிரி தெறிக்கும். சட்டைப் பையிலும் தலைமுடியிலும் இருந்து அம்மா அதைத் தட்டி எடுப்பாள். கடைசி ஒரு வெட்டு இருக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு, முடியின் தடிமனைக்கூட அளக்கும் மைக்ரோமீட்டரை எடுப்பார். ஷாஃப்டை அளப்பார், உள்விட்டத்தை அளப்பார், திரும்ப ஷாஃப்டை அளப்பார்.

"நைனா, அதான் ஒரு தரம் பார்த்துட்டியே."

"இறுக்கமா இருந்தா சூடாயி புடிச்சிக்கும். லூசா இருந்தா தண்ணி வரும். நடுவுல ஒரு முடி அளவு இடம் கண்ணு. அந்த முடியளவுலதான் ஆறேழு பேர் கடலுக்குப் போறாங்க."

இந்த அளவு அவருக்கு எங்கிருந்து வந்தது? காசிமேட்டில் இருந்து வரவில்லை. மோட்டார் ஆலையின் பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. லாரிக்காகப் பழகிய கை மீன்பிடித் தொழிலுக்கு உதவியது. புஷ் சரியாக இருந்ததால் லாஞ்சு ஆழத்துக்குப் போனது, மீன் கூட வந்தது, ஐஸ் ஃபேக்டரி வந்தது, ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசருக்கு வேறு பட்டறை வந்தது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958ல் இதற்குப் பிணைப்பு என்று பேர் வைத்தார். ஒரு தொழில் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பின்னால் இருப்பவரை இழுக்கிறது, தான் செய்ததைக் கொடுத்து முன்னால் இருப்பவரைத் தள்ளுகிறது. எந்தத் தொழிலுக்கு இந்த இழுப்பும் தள்ளும் அதிகமோ அதில் முதலைப் போடு என்பது அவர் யோசனை.

மணலியிலும் பிணைப்பு இருக்கிறது. சொல்லப்போனால் அதைவிட இறுக்கமான பிணைப்பு இந்த நாட்டில் அதிகம் கிடையாது. கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்ததில் நாஃப்தா என்ற லேசான எண்ணெய் வரும், அது பல பத்தாண்டுகள் உரத் தொழிற்சாலைக்குப் போய் யூரியா ஆனது. இப்போது 2019லிருந்து அங்கே இயற்கை எரிவாயு. மண்ணெண்ணெயிலிருந்து எடுக்கும் பொருள் சோப்புத் தூளுக்கு மூலமாகிறது. அங்கே வரும் புரொப்பிலீன் வாயு பஞ்சு மெத்தைக்கும் பஸ் சீட்டுக்கும் போகிறது. தஞ்சாவூர் வயலும் மதுரை வீட்டுத் துணி துவைக்கும் கல்லும் இந்த மணலியோடு கட்டுண்டவை. 25 லட்சம் டன்னில் ஆரம்பித்த சுத்திகரிப்பு இன்று ஆண்டுக்கு 105 லட்சம் டன் வரைக்கும் ஆகிவிட்டது. இதெல்லாம் நாட்டுக்குத் தேவையில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பிணைப்பெல்லாம் குழாய் வழியாகப் போகிறது. ஒரு ஆலையின் குழாய் அடுத்த ஆலையின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது, தெருவுக்கு இறங்குவதில்லை. உள்ளே வேலை தெரிந்தவர்கள் வேண்டும், ஆனால் கொஞ்சம் பேர் போதும். வால்வும் பம்பும் பெரும்பாலும் வேறெங்கோ செய்தவை. மணலிப் பையனுக்கு அங்கே கிடைப்பது காண்ட்ராக்ட்டில் சுத்தம் செய்யும் வேலை, ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் சமயத்தில் வெல்டருக்கு உதவியாள். ஆலைக்கு உள்ளே இருக்கும் அறிவு அந்தப் பையனின் கைக்கு வந்து சேர வழியே இல்லை. அப்பாவுக்கு வந்தது மாதிரி வரவில்லை. குழாய் வழி வளர்ச்சியும் கை வழி வளர்ச்சியும் வேறு வேறு. ஜி.டி.பி. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எடை போடுகிறது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

குழாயிலிருந்து தெருவுக்கு இறங்குவது ஒன்றே ஒன்றுதான், கசிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தது. மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் அதை அள்ளினார்கள். கையெல்லாம் கறுப்பு, படகெல்லாம் கறுப்பு. அதே மாசக் கடைசியில் ஒரு ராத்திரி கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று "இரண்டாம் துறையின் பங்கு உயர்வது வளர்ச்சியின் அடையாளம்" என்று படித்துக் காட்டும்போது தொண்டை அடைக்கிறது.

மீதி பாதி பதிலுக்கு ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும்.

திருவொற்றியூர் என்ஃபீல்டு முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரியாக வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுத்தது. இராணுவம் கேட்ட 800 வண்டிகள்தான் விதை. பின்னர் அச்சும் கருவியும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிவிட்டது, திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. பூட்டுகிறவன் செய்கிறவன் ஆவதுதான் தொழில் வளர்ச்சியின் உயிர்நாடி. எத்தனை ஆலை, எத்தனை ஆயிரம் கோடி என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதே வேலையைத் தென் கொரியாவில் ஹூண்டாய் 1968ல் ஆரம்பித்தது, ஃபோர்டு கார்ட்டினாவை உல்சான் நகரில் பூட்டிக்கொண்டு. எண்ணூருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால். 1975ல் போனி என்று தன் பெயரில் கார் விட்டார்கள். அதற்கு முன்னமே, 1973ல், போஹாங் இரும்பாலை உருக்கத் தொடங்கிவிட்டது. கடன் கேட்டபோது இது ஆகாத காரியம் என்று வெளிநாட்டார் கைவிரித்த ஆலை அது, ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் எழுந்தது. 1998ல் அதே ஹூண்டாய் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து சான்ட்ரோ செய்தது. நமக்குப் பின்னால் புறப்பட்டவன் நமக்கு முதலாளியாக வந்து சேர்ந்தான்.

எங்கே விட்டோம்? நம் தொழிலாளி கையில் குறை இல்லை, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு அரசுகளுமே இறக்குமதியைத் தடுத்து உள்ளூர் ஆலையைக் காப்பாற்றின. 1953ல் இறக்குமதி வரியை ஆராய்ந்த டாரிஃப் கமிஷன் சொல்லித்தான் இங்கே வெறுமனே பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. அதுவரை சரி. கொரியா அதற்கு மேல் ஒரு நிபந்தனை வைத்தது: சலுகை வேண்டுமா, வெளிநாட்டில் விற்றுக் காட்டு. விற்க வேண்டுமானால் உலகத் தரத்துக்கு வந்தாக வேண்டும், பின்னால் இருக்கும் பட்டறைக்காரனையும் அந்த அளவுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். நாம் வைத்தது லைசென்ஸ். இத்தனை வண்டிக்கு மேல் செய்யாதே என்று அரசாங்கமே உற்பத்திக்கு உச்சவரம்பு போட்டது. 1990களின் தொடக்கம் வரைக்கும் அது நீண்டது. போட்டி இல்லை, அளவும் பெருகவில்லை. காத்திருந்து வாங்குகிற வாடிக்கையாளன் இருக்கும்போது மாதிரியை மாற்ற யாருக்கும் அவசரம் வராது. பெரிய ஆலை நின்ற இடத்தில் நின்றபோது அதை நம்பிய ஆயிரம் சின்னக் கொட்டகைகளும் கூடவே நின்றன.

பெரம்பூர் ஐ.சி.எஃப். மட்டும் எனக்கு நம்பிக்கை கொடுக்கும் இடம். சுவிஸ் உதவியோடு ஆரம்பித்தபோது பெட்டியின் வெறும் கூடு மட்டும்தான் இங்கே செய்தார்கள். உள்ளே சீட்டும் விளக்கும் பொருத்தும் பிரிவு 1962ல்தான் வந்தது. 2018ல் அதே ஆலையிலிருந்து, தனி இன்ஜின் இல்லாமல் தானே ஓடும் வந்தே பாரத் வெளியே வந்தது. அறுபத்து மூன்று வருஷம் ஒரே இடத்தில் கை மாறிக் கை மாறி வந்த வேலைத்திறன். நடுவில் யாராவது லாபக் கணக்குப் பார்த்து மூடியிருந்தால் அந்த ரயிலும் இல்லை.

பாடப் புத்தகத்து அம்புக்குறி இன்று நாட்டில் எப்படி நிற்கிறது? உழைக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 46 பேர் இன்னும் விவசாயத்தில். அவர்களுக்கு நாட்டின் வருமானத்தில் கிடைப்பது 18 பங்கு போல. உற்பத்தித் துறையில் நூற்றுக்குப் பதினோரு பன்னிரண்டு பேர். அதன் பங்கு பல வருஷமாக 17 சதவீதத்தைச் சுற்றியே கிடக்கிறது. சேவைத் துறை பாதிக்கு மேல் வருமானத்தை எடுத்துக்கொள்கிறது, ஆனால் ஆட்களை அந்த அளவுக்கு எடுக்கவில்லை. ஆலை என்ற நடுப்படி சரியாகக் கட்டப்படும் முன்பே மாடிக்குப் போய்விட்டோம். பொருளியலாளர் டானி ரோட்ரிக் போன்றவர்கள் இதை முதிராமல் உதிரும் தொழில்மயம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். பழைய பணக்கார நாடுகள் நல்ல வருமானம் வந்த பிறகு ஆலையை விட்டு நகர்ந்தன. இப்போது வளரும் நாடுகளுக்கு அந்த இறக்கம் ஏழையாக இருக்கும்போதே வந்துவிடுகிறது.

மூன்றாம் துறையிலும் ஒன்றல்ல பல வகை. டைடல் பார்க்கில் ஒருவன் எழுதும் நிரலும் சேவை, என் முன்னாள் மாணவன் பைக்கில் பிரியாணி பொட்டலம் கொண்டுபோவதும் சேவை. இரண்டாவது ஆள் ஐந்து வருஷம் கழித்தும் அதே பொட்டலத்தைத்தான் கொண்டுபோகிறான். அப்பாவின் கொட்டகையில் பழகிய பையன்கள் ஐந்து வருஷத்தில் தனிக் கொட்டகை போட்டார்கள். செய்ய செய்ய கற்றுக்கொடுக்கிற தொழில் எது, செய்ய செய்ய ஆளைத் தேய்க்கிற தொழில் எது என்று பிரித்துப் பார்க்காமல் துறைவாரியாகச் சதவீதம் சொல்வதில் எனக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற பல மாநிலங்களைவிட நன்றாகவே செய்திருக்கிறது. இந்தியாவிலேயே ஆலைகளின் எண்ணிக்கையில் முதலிடம் நமக்குத்தான். காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது கிண்டியிலும், பிறகு அம்பத்தூரிலும் போட்ட தொழிற்பேட்டைகள் சின்னப் பட்டறைகளுக்குக் கூரையும் கரண்டும் கொடுத்தன. அதனால்தான் பின்னால் கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்தன. ஆனால் வந்தவை தெற்கிலும் மேற்கிலும் இறங்கின. மறைமலை நகர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம். என்ஃபீல்டே ஒரகடத்தில் 2013லும் வல்லம் வடகாலில் 2017லும் புது ஆலைகள் போட்டது. வடக்கே மின்சாரமும் நிலக்கரிச் சாம்பலும் எண்ணெயும் தங்கிவிட்டன. ஒரே நகரத்துக்குள்ளேயே ஒரு பக்கம் கை வழியும் ஒரு பக்கம் குழாய் வழியுமாகப் பிரிந்துவிட்டது.

அப்பாவின் கொட்டகை 2004ல் மூடியது. ஆர்டர் இல்லாமல் மூடவில்லை. இதை எங்கே சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்த ஒரு நடுத்தரக் கம்பெனி, பேரைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை, மூன்று மாசம், நாலு மாசம் என்று பில்லை இழுத்தது. பித்தளைக்காரனுக்குக் கையில் காசு வைக்க வேண்டும், கரண்டு பில் தவணை சொல்லாது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்போதே கடன் ஏறியது. லேத்தை எடைக்குப் போட்ட அன்று அம்மாதான் அழுதாள், அவர் அழவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ல் சட்டம் வந்தது. அப்படிக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷம் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் கோடி முதலீடு என்று மேடையில் கையெழுத்துப் போடும் படங்களை எல்லோரும் பார்க்கிறோம். இந்த 45 நாள் விதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாட்டின் தொழில் அமைப்பு நிற்பதும் விழுவதும் அந்த 45 நாளில்தான் என்று எனக்குப் படுகிறது. கொட்டகை மூடினால் ஒரு குடும்பத்தின் வருமானம் மட்டும் போவதில்லை. இருபத்தைந்து வருஷம் ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் முடியளவு இடம் விடத் தெரிந்த கை சும்மா உட்காருகிறது. அதை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை.

அடுத்த வாரம் மைக்ரோமீட்டரை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அப்பா போன பிறகு பீரோவில் மரப்பெட்டியோடு கிடந்தது. கொட்டகை பற்றியும் குழாய் பற்றியும் மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன், மீதிக்கு நேரம் போதவில்லை. எல்லோரும் தலையில் ஒரு முடியைப் பிடுங்கி அளந்து பாருங்கள் என்றேன். பெஞ்சு பெஞ்சாக அது கைமாறியது. அந்த எண்ணூர்ப் பையன் மூன்று தடவை அளந்தான். முதலில் ஒன்று, பிறகு வேறொன்று, கடைசியில் 0.07 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தான்.

"அழுத்திப் புடிச்சா கம்மியா காட்டுது சார். எவ்ளோ அழுத்தணும்?"

பின்னாலிருக்கும், அழுத்தம் போதும் என்றால் நழுவும் ராட்செட் திருகைத் திருப்பச் சொன்னேன். கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டதும் கண்ணை விரித்தான். இதை எங்கே கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டான். ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு இருக்கிறது, மெஷினிஸ்ட் இருக்கிறது என்றேன். நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.

மணி அடித்தது. மைக்ரோமீட்டர் என் கைக்குத் திரும்பி வந்தபோது அளக்கும் இரண்டு முகமும் இறுக மூடியிருந்தன. அப்படி வைக்கக்கூடாது, வெயிலில் விரிந்தால் அளவு கெடும் என்பார் அப்பா. ஒரு சுற்று திருப்பி, கொஞ்சம் இடம் விட்டு, பெட்டிக்குள் வைத்தேன்.